படிக்க வந்த கேள்வியக்கா

"சார், ஒரு கேள்வி."

மேல்மாடியில் இந்தக் குரல் எழுந்ததும் இருபத்தெட்டு நாற்காலிகள் ஒருசேர முனகும். கீழே என் நகலெடுக்கும் கடையில் உட்கார்ந்தபடியே அந்த முனகலைக் கேட்பேன். எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு மரத்தளம்தான். மேலே யாராவது தும்மினால் கீழே நான் கைக்குட்டையைத் தேடுவேன். முனகல் அடங்கியதும் வாத்தியாரின் பதில் வரும்.

"அது பரீட்சைக்கு வராதும்மா."

"பரீட்சைக்கு வராட்டி போகட்டும் சார். நாளைக்கு ஒருத்தர் வீட்டு ஃப்ரிட்ஜ்ல வருமா, வராதா?"

வரும். வாத்தியாருக்கும் அது தெரியும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு கலைந்தால்தான் பாதிப் பேர் அடுத்த வேலைக்கு ஓட முடியும். மீதிப் பேர் விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையில் தேர்ந்தவர்கள். கேள்வியக்காவின் ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று கேட்பார். பெயர் சும்மா வரவில்லை.

அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் தெருவே அக்கா என்றதால் எனக்கும் அக்காவாகிவிட்டார். ஆள் குள்ளம், குரல் மட்டும் இரண்டு ஆள் உயரம். கொண்டையைச் சுற்றி வலை போட்டு இறுக்கியிருப்பார். பதினொரு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் நின்ற பழக்கம் அது. ஒரு நாளைக்கு நானூறு சட்டை. காலர், கைப்பட்டி, பொத்தான், தையல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்று கூடைகளில் போட வேண்டும்: பாஸ், திருத்த வேண்டியதற்கு ஆல்டர், ரிஜெக்ட். ஊரைவிட்டு வந்தபோது வேலையை விட்டாரே தவிர, கூடைகளை விடவில்லை. என் கடைக்கு வந்த முதல் நாளே, நான் எடுத்துத் தந்த நகலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஓரத்துல கறுப்புக் கோடு விழுது அண்ணே. ஆல்டர்."

இயந்திரத்தைத் திறந்து கண்ணாடியைத் துடைத்து மறுபடி எடுத்துக் கொடுத்தேன். "இப்ப பாஸ்" என்று பையில் வைத்துக்கொண்டார். இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். அந்தக் கோட்டைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

அவர் குளிர்சாதனப் பழுதுபார்ப்பு படிக்க வந்தது ஆசைப்பட்டு அல்ல. வெளிநாட்டுக்குக் குடிபோவது என்று முடிவெடுத்தது கணவரின் குடும்பம். அதற்கு அவர்கள் கண்ட வழி ஒன்றுதான்: ஒருவர் மாணவர் விசாவில் போக வேண்டும், கணவனோ மனைவியோ குழந்தையோ அவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். இரண்டு வருடம் படிப்பு, அப்புறம் அதே தொழிலில் வேலை, அப்புறம் நிரந்தரமாகத் தங்கும் அட்டை. கணவர் ஆங்கிலத் தேர்வை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டார். வெளிநாட்டு வியாபாரிகள் தொழிற்சாலைக்கு அனுப்பும் புகார்க் கடிதங்களைப் படித்துப் படித்தே பழகிய அக்கா, முதல் தடவையிலேயே தேறிவிட்டார்.

"வீட்டுல யாருக்கு இங்கிலீஷ் வருதோ அவங்கதான் மாடு அண்ணே. மத்தவங்க வண்டி" என்றார் என்னிடம். "ஏஜென்ட் ஆபீசுல, என்ன படிக்க ஆசைன்னு ஒரு வார்த்தை கேக்கணுமே? ஒரு லிஸ்டுல விரல வெச்சு மேலேருந்து கீழ இறக்கினார். சமையல்ல சீட்டு முடிஞ்சிடுச்சாம். முதியோரைப் பாத்துக்கற படிப்புலயும் முடிஞ்சிடுச்சாம். விரல் ஃப்ரிட்ஜுல வந்து நின்னுச்சு. 'இதுல இருக்கும்மா, போட்டுடவா?'ன்னார். பஸ்ல ஜன்னல் சீட்டு இல்ல, கடைசி சீட்டு போதுமான்னு கேக்கற மாதிரி."

அப்படித்தான் ஸ்பேனரைக் கையால் தொட்டறியாத ஒரு பெண், ஒன்பது வயது மகளோடும், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் கணவரோடும், ஒற்றை அறையில் குடியேறினார். கணவர் கொண்டுவந்த பழைய இஸ்திரி மேசையில்தான் மகள் வீட்டுப்பாடம் எழுதினாள். அக்கா மாலை வேளைகளில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவினார். மாணவர் விசாக்காரர் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். காலையில் கல்லூரி.

கல்லூரி என்று சொல்லும்போது என் நாக்கு கூசுகிறது. மேலே இருந்தது இரண்டு அறை. ஒன்றில் நாற்காலிகள். மற்றதன் கதவில் 'செய்முறைக் கூடம்' என்று பித்தளைப் பலகை. உள்ளே ஒரே ஒரு குளிர்பெட்டி. அதன் பின்பக்கம் கம்ப்ரசர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. கம்ப்ரசர் இல்லாத குளிர்பெட்டி, எஞ்சின் இல்லாத பஸ். டைரக்டர் அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தார்.

டைரக்டர் என்பது கல்லூரி முதலாளிக்கு அவரே சூட்டிக்கொண்ட பட்டம். ஊரில் லிஸ்டின் மேல் விரலை இறக்கிய ஏஜென்ட் இவருடைய மச்சான். அங்கே மச்சான் ஆளைப் பிடித்து அனுப்புவார். இங்கே இவர் நாற்காலியில் உட்கார வைப்பார். நயமாகப் பேசுகிறவர். விசா என்ற சொல்லை வாயால் சொல்லவே மாட்டார். அதற்குப் பதில் 'எதிர்காலம்' என்பார். "தம்பி, இந்த மாசம் வருகை குறையுதே, உங்க எதிர்காலம் என்ன ஆகறது?" வருகை எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் அவர் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். இருபத்தெட்டுக் குடும்பங்களின் குடுமி அவர் கையில் இருந்தது.

அங்கே படித்தவர்கள் யார் தெரியுமா? பேங்க்காரர் என்று நாங்கள் கூப்பிட்டவர் ஊரில் கூட்டுறவு வங்கியில் ஒன்பது வருடம் உதவி மேலாளர். ஒருவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். இன்னொருவர் கட்டட வரைபடம் போடுகிறவர். இந்த நாட்டுக்கு ஆள் தேவை. தட்டு கழுவ, பெட்டி தூக்க, வயதானவர்களைக் குளிப்பாட்ட ஆள் தேவை. அதை நேராகச் சொல்லி வேலைக்குக் கூப்பிடக் கூடாதா? கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல்போல. மாணவராக வா என்கிறது. வந்தவர்கள் பொய்யாகப் படிக்கிறார்கள். கல்லூரி பொய்யாகக் கற்பிக்கிறது. அரசாங்கம் பொய்யாக நம்புகிறது. நடுவில் நிஜமாக நடப்பது ஒன்றே ஒன்று: நல்ல வயதில் இரண்டு வருடம் தொலைவது.

இப்படி வீரம் பேசுகிற நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? வெள்ளிக்கிழமைதோறும் கல்லூரிக்காரர்களுக்கு வருகைத்தாள் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பே நடக்காத வாரங்களில், கையெழுத்தோடு இருக்கும் பழைய தாளைத் தேதியை மட்டும் மறைத்து எடுத்துத் தரச் சொல்வார்கள். எடுத்துத் தந்தேன். எனக்கு என்ன, நான் நகல் எடுக்கிறவன்.

கேள்வியக்கா ஏழாவது வாரத்தில் ஒரு காரியம் செய்தார். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில், இரண்டு தெரு தள்ளி, யாரோ வேண்டாம் என்று நடைபாதையில் விட்டுப்போன ஒரு குளிர்பெட்டியைப் பார்த்திருக்கிறார். சுற்றி வந்து பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு ஓட்டமாக ஓடி வந்தார். பேங்க்காரரையும் கணக்கு வாத்தியாரையும் படிக்கட்டிலேயே மறித்தார்.

"கம்ப்ரசர் இருக்கு! முழுசா இருக்கு! வாங்க, குப்பை வண்டி வர்றதுக்குள்ள தூக்கிட்டு வந்துடலாம்."

"அக்கா, ராத்திரி பூரா பெட்டி தூக்கிட்டு இப்பத்தான் வர்றேன்" என்றார் பேங்க்காரர்.

"அப்ப கை பழகித்தானே இருக்கும்? வாங்க."

நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஐந்து பேர் அந்தப் பெட்டியைப் பிணம் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து, குறுகிய படிக்கட்டில் ஏற்றி, செய்முறைக் கூடத்தில் இறக்கினோம். பூச்சாடிக்கு அன்றைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

வாத்தியாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மணிக்கணக்குச் சம்பளத்தில் வந்து புத்தகத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போகிறவர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மனிதர் ஒரு காலத்தில் மீன்பிடிக் கப்பல்களில் குளிர்சாதன மெக்கானிக். பெட்டியைக் கண்டதும் கோட்டைக் கழற்றினார். மின்சாரம் கொடுத்தார். உள்ளிருந்து 'டக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'டக்'.

"கேட்டீங்களா? உயிர் இருக்கு. எழுந்திரிக்கப் பாக்குது, முடியல. ஏன் முடியல? சொல்லுங்க பாப்போம்."

அன்று முதல் தடவையாக அந்தக் கல்லூரியில் வாத்தியார் கேள்வி கேட்டார். மூன்று நாள் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்து, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே என்ற கட்டைவிரல் அளவுச் சாமான் கருகியிருப்பதை அக்காதான் கண்டுபிடித்தார். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டதும் பெட்டி உறுமிக்கொண்டு ஓடியது. கீழே என் கூரை அதிர்ந்தது. மேலே கைதட்டல். கணக்கு வாத்தியார் அழுதுவிட்டாராம். வந்து ஒரு வருடத்தில் அவர் முழுதாக விழித்திருந்த முதல் காலை அது.

மூன்று வாரம் அது ஒரு கல்லூரியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஓடுகிறவர்கள் பன்னிரண்டே காலுக்கு ஓடினார்கள். அக்கா படிக்கட்டில் இறங்கும்போதே உள்ளங்கைக் கறுப்பை என்னிடம் காட்டுவார். "அண்ணே, இன்னிக்குத் தெர்மோஸ்டாட். பாஸ்."

நான்காவது வாரம், ஊருக்குப் போயிருந்த டைரக்டர் திரும்பினார். மின்சாரம் யாரைக் கேட்டு எடுத்தீர்கள், கேஸ் கசிந்து ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் என்ன சொல்லும் என்று குதித்தார். சாயங்காலத்துக்குள் பெட்டி மறுபடி தெருவுக்குப் போனது. வாத்தியாரின் வகுப்பு நேரத்தைப் பாதியாக வெட்டினார். மீதி நேரத்துக்குச் சுவரில் வீடியோ ஓட்டினார். கேள்வியக்கா வீடியோவிடமும் கையைத் தூக்கினார் என்று பேங்க்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இரண்டு நாள்தான். அக்கா நேராக டைரக்டரின் அறைக்குப் போய், "பாடம் எப்ப சார் நடத்துவீங்க?" என்று கேட்டார். அடுத்த வாரம் அவர் கைக்கு ஒரு கடிதம் வந்தது: வருகை எழுபத்தெட்டு சதவீதம், இதுவே இறுதி எச்சரிக்கை. ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவருக்கு!

அந்தக் கடிதத்தோடும், குடியேற்ற அலுவலகத்துக்குத் தன் கைப்பட எழுதிய இரண்டு பக்கப் புகாரோடும் என் கடைக்கு வந்தார். "ரெண்டு காப்பி அண்ணே." நான் தாளை வைப்பதற்குள் பேங்க்காரர் உள்ளே வந்துவிட்டார். எப்படியோ தெரிந்திருக்கிறது.

"அக்கா, அத அனுப்பாதீங்க."

"என்ன தம்பி தப்பா எழுதியிருக்கேன்? பாடம் நடத்துங்கன்னு கேட்டிருக்கேன். வந்தவளுக்கு வந்தேன்னு போடுங்கன்னு கேட்டிருக்கேன்."

"தப்பில்லக்கா. ஒரு எழுத்துகூட தப்பில்ல. ஆனா காலேஜ மூடிட்டா என் விசா அன்னிக்கே போச்சு. எனக்கு இது ரெண்டாவது காலேஜ். மூணாவது கிடைக்காது. வீட்டுல அவளுக்கு அஞ்சாவது மாசம்."

"அதுக்காக இவன் செய்யறதெல்லாம் பாத்துட்டு இருக்கணுமா?"

"ஆமாக்கா. இன்னும் பதினாலு மாசம் பாத்துட்டு இருக்கணும். நீங்க ஜெயிச்சா நான் தோத்துடுவேன். அவ்வளவுதான்."

கேள்வியக்காவிடம் அன்றைக்குக் கேள்வி இல்லை. இயந்திரத்தின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புகாரை என் பக்கம் தள்ளினார்.

"இத கிழிச்சுப் போட்டுடுங்க அண்ணே. தம்பி, நானா எழுதிப் போட மாட்டேன். இது சத்தியம். ஆனா யாராவது வந்து என் மூஞ்சியப் பாத்துக் கேட்டா எனக்குப் பொய் வராது. அத மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

"யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார் பேங்க்காரர், நிம்மதியாக.

வந்தார்கள். புகார் எதுவும் போகாமல், வழக்கமான சோதனை என்று ஒரு பெண் அதிகாரியும் ஓர் ஆணும் அடுத்த வாரமே வந்தார்கள். இரண்டு நாள் முன்பே டைரக்டருக்கு மோப்பம் பிடித்திருந்தது. கேட்கப்படும் கேள்விகள், சொல்ல வேண்டிய பதில்கள் என்று ஒரு தாள் தயாரித்து என்னிடம் கொடுத்தார். இருபத்தெட்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். 'வாரத்துக்குப் பத்து மணி நேரம் செய்முறை வகுப்பு நடக்கிறது' என்பது மூன்றாவது பதில்.

சோதனை நடந்த காலை நான் கடையில் ஒரு வேலையும் செய்யவில்லை. கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக ஒப்பித்தார்கள். கணக்கு வாத்தியார்கூடப் பத்து மணி நேரம் என்றார். கூட்டத்தில் ஒரே பெண் என்பதாலோ என்னவோ, அந்த அதிகாரி அக்காவைச் செய்முறைக் கூடத்துக்கே கூட்டிப்போய்க் கேட்டார்.

"இந்தக் குளிர்பெட்டியில் என்னென்ன பழுது பார்க்கக் கற்றுக்கொண்டீர்கள்?"

அப்புறம் அந்தக் குரல், வழக்கத்தைவிடத் தணிந்து.

"இதுல ஒண்ணும் கத்துக்க முடியாதும்மா. உள்ள கம்ப்ரசரே இல்ல. பின்னாடி வந்து பாருங்க."

நாற்காலிகள் முனகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதிகாரிகள் போகும்போது என் கடைக்கும் வந்தார்கள். மேலே வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, வருகைத்தாள்கள் இங்கேதான் நகலெடுக்கப்படுகின்றனவா என்று அந்தப் பெண் கேட்டார். "நான் கீழ இருக்கேன். மேல நடக்கறது எனக்குத் தெரியாது" என்றேன். நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, சொந்தக் கடை வைத்திருப்பவன், விசாவுக்குப் பயப்பட வேண்டாதவன் சொன்ன பதில் இது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டார். கடையைத் தாண்டி வெளியே போய்விட்டார். என்னை எந்தக் கூடையில் போட்டார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

மூன்று வாரத்தில் கல்லூரியின் அனுமதி ரத்தானது. மாணவர்களுக்கு அறுபது நாள் அவகாசம்: அதற்குள் வேறு கல்லூரியில் சேர வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். அநியாயத்தைப் பாருங்கள். ஏமாற்றியவருக்கு அபராதம். ஏமாந்தவர்களுக்கு நாடு கடத்தல்.

பழியெல்லாம் அக்காவின் தலையில் விழுந்தது. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் காய்ச்சி எடுத்தார்: "மத்தவங்க எல்லாம் வாய மூடிட்டு இருந்தாங்கல்ல? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? புள்ளையோட எதிர்காலத்த நெனச்சியா?" கணவர் பேசாத மனிதர். "கையெழுத்துப் போட்டுட்டு வந்தா போதும்" என்று முதல் நாளே சொல்லி அனுப்பியவர். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கே பதைப்பாக இருந்தது. ஒருநாள் மகளின் பள்ளிச் சான்றிதழை நகலெடுக்க வந்தவர், தானாகவே பேசினார்.

"அம்மா தினமும் திட்டறாங்க அண்ணே. நான் என்ன சொல்ல? ஒரு நாளைக்கு நானூறு சட்டை பாத்தவ அவ. முதலாளியே வந்து நின்னு கேட்டும் ஒரு கிழிசல பாஸ் போட்டதில்ல. தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன்."

அரசாங்கத் தொழிற்பள்ளியில் ஆறே ஆறு இடம் காலியாக இருந்தது. செய்முறைத் தேர்வு வைத்தார்கள். அக்காவின் முன்னால் குளிராத ஒரு பெட்டியை வைத்து, ஒரு மணி நேரத்தில் பழுதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். உறைபனி ஒரு மூலையில் மட்டும் படிந்திருப்பதைப் பார்த்து, கேஸ் குறைகிறது என்று புரிந்துகொண்டு, சோப்புத் தண்ணீரைக் குழாய் நெடுகத் தடவி, குமிழி வரும் இடத்தைக் காட்டியிருக்கிறார். பதினான்கு நிமிடம். தேர்வாளர், எங்கே கற்றீர்கள் என்று கேட்டாராம். "மூணு வாரம் ஒரு நல்ல வாத்தியார் இருந்தார்" என்றாராம் அக்கா. கணக்கு வாத்தியாருக்கும் அங்கே இடம் கிடைத்தது. இன்னும் பலர் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டார்கள். ஒன்பது பேருக்குக் கிடைக்கவில்லை. அதில் பேங்க்காரர் ஒருவர். பதினோரு கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பினார். அத்தனை நகலும் நான்தான் எடுத்தேன். அதற்காவது காசு வாங்காமல் இருந்தேன்.

பேங்க்காரரும் மனைவியும் கிளம்பிய அன்று விமான நிலையப் பேருந்து நிற்குமிடத்துக்கு அக்கா போனார். நானும் துணைக்குப் போனேன். பேங்க்காரரின் மனைவி எட்டு மாத வயிற்றோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார். பேங்க்காரர் மட்டும் எழுந்து வந்தார்.

"உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சேன்" என்றார். மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். "சொல்ல வரலக்கா."

பேருந்து போன பிறகு அக்கா அங்கேயே இரும்பு இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் அழுததைப் பார்த்தேன். "நான் சொன்னது நிஜம். அவர் போனதும் நிஜம். ரெண்டையும் சேத்துத் தைக்க எனக்குத் தெரியல அண்ணே."

எனக்கும் தெரியவில்லை. தைக்க வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்பது மட்டும் தெரியும். அப்படிக் கிழித்துவிட்டவர்கள் யாரும் அந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு வரவில்லை.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அக்கா படிப்பை முடித்து, வேலைக்குச் சேர்ந்து, போன வருடம் நிரந்தரமாகத் தங்கும் அட்டையும் வாங்கிவிட்டார். இப்போது தனி ஆளாகக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கடை கடையாக, சமையலறை சமையலறையாகப் போய்க் குளிர்பெட்டி பழுதுபார்க்கிறார். முன்பு தட்டு கழுவிய பள்ளிக்கூடத்திலேயே, குளிர்பெட்டி நின்றுபோனால் முதலில் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அட்டை வந்ததும் மாமியார், "அப்பாடா, இனிமே அந்த ஸ்பேனரத் தூக்கிப் போடு" என்றிருக்கிறார். அக்கா மறுநாளே பெரிய குளிர்கிடங்குகளைப் பற்றிய மேல்படிப்பில் சேர்ந்தார். வாரத்தில் இரண்டு மாலை. "விசாவுக்குப் படிச்சவங்க விசா வந்ததும் நிறுத்திக்கலாம். எனக்கு இன்னும் சந்தேகம் தீரல" என்கிறார். பேங்க்காரரின் ஊருக்கு வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறார். பதில் வந்ததில்லை. போடுவதை நிறுத்தவுமில்லை.

டைரக்டரும் நன்றாகத்தான் இருக்கிறார். அபராதத்தைக் கட்டிவிட்டு, மனைவி பெயரில், எங்கள் தெருவின் எதிர்ப்பக்கமே வேறு கல்லூரி திறந்திருக்கிறார். இந்தத் தடவை மூன்று அறை. விளம்பரத் தாளை என்னிடம்தான் அச்சடித்தார். கனமான பளபளப்புத் தாள், முன்பக்கம் அவர் சிரிக்கும் படம். அச்சடிக்க மாட்டேன் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எத்தனை நாளில் வேண்டும் என்றுதான் வார்த்தை வந்தது.

போன மாதம் என் கடைக்குப் பக்கத்து மளிகைக்கடையில் உறைபெட்டி ஒரு பக்கமாக ஆடுகிறது, கதவு சரியாக மூடவில்லை என்று அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பால் வாங்கப் போயிருந்தேன். அக்கா தரையில் முட்டிபோட்டுப் பெட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். எங்கிருந்தோ மூக்கில் வியர்த்தாற்போல் டைரக்டர் வந்து சேர்ந்தார். கையில் அந்த விளம்பரத் தாள்.

"என்னம்மா, நம்ம காலேஜ்ல படிச்ச பொண்ணு! எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா? அடுத்த தடவை அச்சடிக்கும்போது உள்பக்கம் உங்க போட்டோவப் போடலாம்னு இருக்கேன். இதே மாதிரி, கையில ஸ்பேனரோட. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். இந்தாங்க, பாருங்க, எந்த இடம்னு நீங்களே சொல்லுங்க."

நான் பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவின் வாய் இப்போது என்ன கேட்கப்போகிறது என்று மளிகைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

அக்கா எழுந்து கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். முன்பக்கம் முழுக்கப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் ஒரு வரி விடாமல் படித்தார். விரலால் தாளின் கனத்தை நெருடிப் பார்த்தார். பிறகு இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து, நகத்தால் ஓரத்தை அழுத்தி நீவி, மறுபடி முட்டிபோட்டு, உறைபெட்டியின் குட்டையான காலுக்கு அடியில் செருகினார். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்தார். பெட்டி ஆடவில்லை.